சூக்கிரே: விமர்சகர்கள் கேட்டது பாட்டையா, குடும்பக் கதையையா?

செவிவழி (இழையைத் தொடங்கியவர்)

ஜெஃப் ட்வீடியும் அவருடைய மகன் ஸ்பென்சரும் 'ட்வீடி' என்ற பெயரில் 2014 செப்டம்பரில் வெளியிட்ட 'சூக்கிரே' ஆல்பத்தைப் போன வாரம் முழுக்கத் திரும்பக் கேட்டேன். கூடவே அந்தச் சமயத்தில் வந்த விமர்சனங்களையும் தேடிப் பிடித்துப் படித்தேன். ஆல்பம் பிடித்தது. விமர்சனங்கள் எரிச்சலூட்டின. பெரும்பாலானவை பாராட்டுகள்தான் என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது.

ஒன்றைப் படித்தால் போதும், மற்றதை ஊகித்துவிடலாம். தந்தை 'வில்கோ' என்ற அமெரிக்க ராக் குழுவின் தலைவர். மகனுக்கு 18 வயது, டிரம்ஸ் வாசிக்கிறான். ஆல்பத்தின் பெயர் அம்மா சூசனின் செல்லப்பெயர். அம்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் கட்டுரையில் பாதி தீர்ந்துவிடுகிறது. பிறகு 'பையன் நன்றாகவே வாசிக்கிறான்' என்று ஒரு வரி. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்கிற தொனி. கடைசியில் '20 பாடல்கள் கொஞ்சம் அதிகம்' என்று ஒரு குட்டு வைத்துவிட்டு, நட்சத்திரங்களை எண்ணிப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்த டிரம்ஸ் என்ன செய்கிறது, அது இல்லாவிட்டால் இந்தப் பாடல்கள் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டவர் எத்தனை பேர்? ஜெஃப் அப்போதே தெளிவாகச் சொன்னார்: முதலில் எல்லாக் கருவிகளையும் தானே வாசித்து ஒரு தனி ஆல்பம் செய்யத்தான் எண்ணியிருந்தாராம். ஆனால் முதல் மாதிரிப் பதிவுகளிலிருந்தே ஸ்பென்சர் கூட இருந்து பாடல்கள் உருப்பெற உதவியதால், இது இருவர் வாசித்த தனி ஆல்பம் மாதிரி ஆகிவிட்டது என்றார். எனக்கு இதுதான் முக்கியச் செய்தி. பாட்டு முடிந்த பிறகு அழைத்து உட்கார வைத்த விருந்தாளி இல்லை அவன். பாட்டு கருவில் இருக்கும்போதே கூட இருந்தவன்.

உங்களில் யாராவது இதை வேறு மாதிரி கேட்டிருக்கிறீர்களா?

பழையதட்டு

ஐயா, உங்கள் எரிச்சலில் பாதி நியாயம். மறு பாதியை ஏற்க மாட்டேன். நீளம் என்ற குறை உண்மையான குறை. விமர்சகர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய வரி என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

இரட்டை இசைத்தட்டை வாங்கி வைத்திருக்கிறேன். முதல் தட்டை மாதம் ஒருமுறையாவது போடுவேன். 'லோ கீ' வந்தால் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரலும் கூடவே வரும். இரண்டாவது தட்டில் 'சம்மர் நூன்' இருக்கும் பக்கத்தைத் தவிர மற்றது புதுக்கருக்குக் குலையாமல் இருக்கிறது. 'டவுன் ஃப்ரம் அபவ்', 'வேர் மை லவ்', 'ஃபேக் ஃபர் கோட்' என்று அடங்கிய குரலில் வரிசையாக மூன்று. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் அழகு. 15 பாடல்களைக் கேட்டு முடித்த காதுக்கு அவை மூன்றும் ஒரே பாட்டாகத் தெரிகின்றன.

பந்தியில் எல்லாமே நன்றாக இருந்தாலும் மூன்றாவது பாயசத்தை யார் குடிப்பது?

தோல்கருவி

இருபத்தைந்து வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். கல்யாண மேடை, கோயில் திருவிழா, தேவாலயம் என்று எதையும் விட்டதில்லை. அந்தத் தகுதியில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பாடல் 'டயமண்ட் லைட் பார்ட் ஒன்'. ஸ்பென்சரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவர்களை இந்தப் பாட்டில்தான் உட்கார வைப்பேன். ஜெஃபின் குரல் ஏறக்குறைய அசையாமல் மிதக்கிறது. அதற்கு அடியில் ஸ்னேர் என்ற சின்ன டிரம் ஓயாமல் சலசலத்துக்கொண்டே இருக்கிறது. சாதாரணமாக ஒரு பாட்டில் பாடகர் கதை சொல்வார், டிரம்ஸ் நேரத்தைக் காக்கும். இங்கே பதற்றம் முழுவதையும் டிரம்ஸ் எடுத்துக்கொண்டுவிட்டது. பாடகர் பதறாமல் இருந்துவிடலாம். பதினெட்டு வயதில் இதைச் செய்ய விரல் வேகம் மட்டும் போதாது. அவ்வளவு நேரம் ஒரே பதற்றத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் பிடித்து வைப்பது கடினம். நானாக இருந்தால் இரண்டாம் நிமிடமே சிம்பலை அடித்து 'இதோ பார்' என்றிருப்பேன்.

அதற்கு நேர் எதிர், இரண்டாவது பாடல் 'ஹை ஆஸ் ஹலோ'. அடி ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை தாமதமாக விழுகிறது. சோம்பல் முறித்துக்கொண்டே நடப்பவன் மாதிரி. இந்தத் தாமதத்தைச் சொல்லிக் கொடுக்க முடியாது. பாடகர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தக் குரலை வீட்டில் கேட்டு வளர்ந்தவனுக்கு அது தெரியும். தந்தை மகன் என்பதைப் பற்றி ஒரு விமர்சகர் எழுத வேண்டியிருந்தால், இந்தத் தாமதத்தைப் பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. வில்கோவின் டிரம்மர் கிளென் காட்சியோடு ஒப்பிட்டு 'மகன் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை' என்று நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். தவறான ஒப்பீடு. கிளென் தாளவாத்தியத்துக்கென்றே தனி இசைக்கோவைகள் எழுதுபவர். ஒரு ஒலி எங்கே வைக்கப்படுகிறது என்று பொற்கொல்லன் மாதிரி எடை போடுவார். ஸ்பென்சரின் கைக்கு அந்த எடைத் தட்டு கிடையாது. கொஞ்சம் மண் ஒட்டிய ஒலி. முதல் பாட்டின் ஆரவாரத்தில் அது நன்றாகத் தெரியும்.

என் அப்பாவும் டிரம்ஸ் வாசித்தவர்தான். மேடையில் நான் தப்பு செய்தால் திரும்பிப் பார்க்க மாட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இலையின் ஓரத்தில் விரலால் சரியான அடியைத் தட்டிக் காட்டுவார், அவ்வளவுதான். இந்த இழைக்குச் சம்பந்தமில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கரிசல்

எல்லோரும் உருகுவதால் ஒரு கசப்பு மருந்து. வில்கோ தலைவரின் மகனாக இல்லாவிட்டால் இந்த இளைஞனுக்கு சிகாகோவில் வில்கோவின் 'தி லாஃப்ட்' ஸ்டூடியோவின் கதவு திறந்திருக்குமா? விமர்சகர்கள் இதைக் கேட்கவே இல்லை. அம்மா நோயில் இருக்கும்போது மகனின் வாசிப்பைக் குறை சொல்ல எந்தப் பேனா துணியும்? அதுதான் எல்லா விமர்சனமும் ஒரே மாதிரி மென்மையாக இருக்கிறது.

செவிவழி

கரிசல், மென்மைக்கு வேறொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வான் ஹேலன் குழுவைப் பாருங்கள். கிடார் கலைஞர் எடி வான் ஹேலனின் மகன் வுல்ஃப்காங் 2006இல் பேஸ் கிடாருக்கு வந்தபோது வயது 15. ரசிகர்கள் கொதித்தார்கள், ஏனென்றால் அந்த இடத்தில் அதற்கு முன் மைக்கேல் ஆன்டனி நின்றிருந்தார். பாட்டு ஒன்றும் வெளிவராமலேயே பையனுக்குத் திட்டு விழுந்தது. 2012 பிப்ரவரியில் 'எ டிஃபரன்ட் கைண்ட் ஆஃப் ட்ரூத்' வந்த பிறகுதான் பலர் வாயை மூடினார்கள்.

ஸ்பென்சர் யாருடைய நாற்காலியிலும் உட்காரவில்லை. வில்கோ அப்படியே இருந்தது, டிரம்மர் கிளென் அப்படியே இருந்தார். யாரும் இழக்காத இடத்தில் ஒருவன் வந்து அமர்ந்தால் கோபம் எங்கிருந்து வரும்?

கரிசல்

ஒப்புக்கொள்கிறேன், நல்ல வாதம். ஆனால் அது ரசிகர்களின் கோபத்துக்குப் பதில். என் கேள்வி விமர்சகரின் கடமையைப் பற்றியது. வுல்ஃப்காங்கைக் கடுமையாகச் சோதித்ததால்தான் அவர் வாசிப்புக்குக் கிடைத்த பாராட்டுக்கு எடை இருக்கிறது. சோதிக்காமல் கொடுத்த பாராட்டு மொய்ப் பணம் மாதிரி. கவரில் என்ன இருக்கிறது என்பது முக்கியமே இல்லை, கொடுத்தோம் என்பதுதான் கணக்கு.

தோல்கருவி

'மொய்ப் பணம்' பிரமாதம். அது விமர்சகரின் குற்றம், வாசித்தவன் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? 'டயமண்ட் லைட்' கேட்டீர்களா இல்லையா?

கரிசல்

கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. போதுமா?

மேகலா

நான் இந்த மன்றத்தில் அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஆனால் 'புற்றுநோய் ஆல்பம்' என்ற முத்திரையைப் பற்றி யாராவது பேச வேண்டும்.

சூசனின் நோய் தெரியவந்தது 2014இல். தந்தையும் மகனும் அதற்கு முன்பே பாடல்களில் இறங்கிவிட்டார்கள். 2013இல் பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸுக்காக 'ஒன் ட்ரூ வைன்' ஆல்பத்தை ஜெஃப் தயாரித்தார். அதில் பெரும்பாலான கருவிகளை அவரே வாசித்தார், டிரம்ஸ் ஸ்பென்சர். அந்த வேலையின் நீட்சிதான் இது. அதே 2013இல் ஜெஃப் தன் அண்ணன் கிரெக்கை இழந்தார். 'நோபடி டைஸ் எனிமோர்' என்ற பாடலை, இனி யாரும் சாவதில்லை என்ற அந்தத் தலைப்பை, மனைவிக்காக எழுதியது என்று சட்டென்று முடிவு கட்டுகிறோம். அண்ணன் இறந்த வீட்டில் எழுதிய பாட்டாக அதைக் கேட்டுப் பாருங்கள். வேறு பாட்டாகிவிடுகிறது.

பின்னால் வந்த செய்தியை முன்னால் எழுதிய வரிக்குள் ஏற்றிப் படிப்பது விமர்சகர்களுக்குப் பழக்கம். அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பெயரே சூக்கிரே என்று வைத்துவிட்டு, அம்மாவைப் பற்றிப் பேசாதீர்கள் என்றால் எப்படி?

நீளம் பற்றியும் ஒன்று. என் அம்மா மருத்துவமனையில் இருந்த இரண்டு மாதம், நானும் தம்பியும் தினமும் இரவு வீட்டுக்கு வந்து, பெட்டி பெட்டியாகப் பழைய துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். அடுக்கி முடித்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினோம். வேலை தீர்ந்துவிடக் கூடாது என்றிருந்தது. 20 பாடல்களும் அதிகமா என்று பழையதட்டு கேட்கும்போது எனக்கு அந்தத் துணிகள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த ஸ்டூடியோவிலிருந்து வெளியே வர அவர்கள் இருவருக்குமே மனமில்லாமல் இருந்திருக்கலாம்.

பழையதட்டு

மேகலா அம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அவர்கள் ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு நீங்கள் சொன்னது மனதைத் தொடும் காரணம். நான் ஏன் முழுவதும் கேட்க வேண்டும் என்பதற்கு அது காரணமாகாது. தையற்காரருக்கு வீட்டில் ஆயிரம் துக்கம் இருக்கலாம். சட்டைக் கை நீளமாக இருந்தால் நீளம்தான்.

மேகலா

கோபமில்லை. ஆனால் எந்தக் கையை வெட்டுவீர்கள்? நீங்கள் சொன்ன 'வேர் மை லவ்' எனக்கு இந்த ஆல்பத்தின் உயிர். பட்டியல் போட்டுக் கொடுங்கள் பார்க்கலாம்.

பழையதட்டு

'பிஜன்ஸ்', 'ஸ்லோ லவ்', 'டெசர்ட் பெல்', 'ஹேசல்', 'ஃபேக் ஃபர் கோட்', 'டவுன் ஃப்ரம் அபவ்'. ஆறு போனால் 14. ஒரு தட்டில் அடக்கப் பார்க்கலாம். 'வேர் மை லவ்' இருக்கட்டும், உங்களுக்காக.

தோல்கருவி

'ஸ்லோ லவ்'வையா? ஐயா, நீங்கள் கத்தரிக்கோலை மேசை மேல் வைத்துவிட்டு மெதுவாகப் பின்னால் நகருங்கள்.

செவிவழி

என் பட்டியலில் 'ஸ்லோ லவ்' நிச்சயம் தங்கும், 'நியூ மூன்' போகும். இதுதான் வேடிக்கை. நீளம் என்று எல்லோரும் சொல்கிறோம், எதை எடுப்பது என்றால் ஆளுக்கொரு பட்டியல். விமர்சகர்களிலும் இதே கதைதான். '20 அதிகம்' என்பவர்கள் எந்த ஆறு வேண்டாம் என்று எழுதும் துணிவைக் காட்டவில்லை. பழையதட்டாவது காட்டினார்.

இதன் அடுத்த ஆண்டு, 2015 ஜூலையில், வில்கோ 'ஸ்டார் வார்ஸ்' ஆல்பத்தை முன்னறிவிப்பின்றி இலவசமாக வெளியிட்டது. 11 பாடல்கள், அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். இவ்வளவு சுருக்கமாகவும் செய்யத் தெரிந்த மனிதர் அதற்கு முந்தைய ஆண்டு நீளமாகச் செய்தார் என்றால், வெட்டத் தெரியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை.

நள்ளிரவு வானொலி

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், இரவுப்பணி. ஒரு விஷயம் யாரும் தொடவில்லை: இது இருவர் ஆல்பம் என்று பேசுகிறோம், ஆனால் 'லூசியஸ்' குழுவின் ஜெஸ் வுல்ஃபும் ஹாலி லேசிக்கும் பின்னணி பாடாவிட்டால் பாதிப் பாடல்கள் வெளிறிப் போயிருக்கும். ஸ்காட் மக்காவியின் கீபோர்டும் இருக்கிறது. தந்தை மகன் கதை இவர்களை மறைத்துவிட்டது. குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் அத்தை மாதிரி ஆகிவிட்டார்கள்.

ஒப்பிடுவதாக இருந்தால் வான் ஹேலனைவிடப் பொருத்தமானது நியூசிலாந்துப் பாடகர் நீல் ஃபின்னும் மகன் லியமும் 2018இல் வெளியிட்ட 'லைட்ஸ்லீப்பர்'. லியம் அதற்கு முன்பே தனி ஆல்பங்கள் வெளியிட்டவர். 2007இலேயே முதலாவது வந்துவிட்டது. அதனால் அங்கே பேச்சு வேறு மாதிரி போனது. 'பையன் தேறுவானா' என்று கேட்கும் அவசியம் இருக்கவில்லை. இரண்டு பாடலாசிரியர்கள் ஒரே அறையில் இருந்தால் யார் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. போதாக்குறைக்கு 'ஃப்ளீட்வுட் மேக்' குழுவின் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் வந்து சில பாடல்களுக்கு டிரம்ஸ் வாசித்திருக்கிறார். கேட்டால் எங்கே தந்தை முடிகிறார், எங்கே மகன் தொடங்குகிறார் என்று தெரியாத மூட்டம். எனக்கு அது பிடிக்கும். ஆனால் பாட்டு மனதில் நிற்கவில்லை என்று குறைபட்டுக்கொள்பவர்களையும் புரிந்துகொள்கிறேன்.

'சூக்கிரே'யில் அந்த மூட்டம் இல்லை. பாட்டும் சொல்லும் தந்தையுடையது, தாளம் மகனுடையது, எல்லை தெளிவு. இது பலமா பலவீனமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

தோல்கருவி

எனக்கு முடிவாகிவிட்டது: பலம். எல்லை தெளிவாக இருந்தால்தான் யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று காதில் விழும்.

நள்ளிரவு வானொலி

இன்னொரு செய்தி, இந்த இழையில் இருக்க வேண்டியது. மேவிஸ் ஸ்டேப்பிள்ஸின் தந்தை பாப்ஸ் 2000இல் இறந்தார். கடைசிக் காலத்தில் பதிவு செய்த பாடல்களை மகளிடம் காட்டி, இதைத் தொலைத்துவிடாதே என்றாராம். அந்தப் பதிவுகளை மேவிஸ் பிறகு ஜெஃபிடம் கொண்டுபோனார். குறைந்திருந்ததை ஜெஃப் நிரப்பினார், ஸ்பென்சர் டிரம்ஸ் வாசித்தான். 2015இல் 'டோன்ட் லூஸ் திஸ்' என்று அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து வெளியானது. ஒரு தந்தையும் மகளும் பாதியில் விட்டதை ஒரு தந்தையும் மகனும் உட்கார்ந்து முடித்திருக்கிறார்கள். அதில் ஸ்பென்சரின் வாசிப்பைக் கேட்டுவிட்டு கரிசல் திரும்ப வரட்டும்; அங்கே அம்மாவின் நோய் இல்லை, தலைப்பில் குடும்பப் பெயரும் இல்லை. மொய்க்கணக்கு எழுதும் அவசியம் யாருக்கும் இல்லை.

கரிசல்

சவாலை ஏற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் கொடுங்கள்.

மட்டுறுத்துநர்

வில்கோ ஆல்பங்களை வரிசைப்படுத்தும் பதிவுகள் ஐந்தையும் வேறொரு இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே சண்டை நன்றாக நடக்கிறது. இங்கே 'சூக்கிரே' மட்டும்.

பழையதட்டு

நீளம் பற்றி வாயைக் கொடுத்தேனே, 2025 செப்டம்பரில் ஜெஃப் என்ன செய்தார் பார்த்தீர்கள்தானே? 'ட்வைலைட் ஓவர்ரைடு', மூன்று தட்டு, 30 பாடல்கள். அதிலும் ஸ்பென்சர், கூடவே இளைய மகன் சாமி. 20 அதிகம் என்று நான் புலம்பியது சிகாகோ வரை கேட்டுவிட்டது போலும்.

செவிவழி

அதற்கு விமர்சகர்கள் பலர் நல்ல வரவேற்பே கொடுத்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா? 2014இல் அடக்கமின்மை என்று தோன்றியது இப்போது தாராளம் என்று தோன்றுகிறது. இடையில் என்ன மாறியது? 2020இல் ஊரடங்கின்போது சூசன் தொகுத்து வழங்க, குடும்பமே இன்ஸ்டகிராமில் உட்கார்ந்து பாடியது. அதே ஆண்டு 'லவ் இஸ் த கிங்' ஆல்பத்தை மகன்கள் இருவரோடும் சேர்ந்து செய்தார். ஸ்பென்சர் வாசிக்கிறான் என்பது இப்போது செய்தியே இல்லை, டிரம்மர் வந்தார் வாசித்தார் என்பதோடு சரி. கதை தீர்ந்த பிறகுதான் காது திறந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

மேகலா

அல்லது பதினொரு வருடத்தில் நாமெல்லாம் நீளமான ஆல்பத்துக்குப் பழகிவிட்டோம். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தாண்டிப் போகிறோம். முழுதாகக் கேட்பவருக்குத்தானே நீளம் ஒரு குறை?

பழையதட்டு

தட்டில் தாண்டிப் போக முடியாது அம்மா. எழுந்துபோய் ஊசியைத் தூக்கி வைக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி.

கரிசல்

ஞாயிறு என்று சொல்லியிருந்தேன், சனி இரவே கேட்டுவிட்டேன். 'டோன்ட் லூஸ் திஸ்'ஸில் பையன் எங்கே வாசிக்கிறான் என்று தேட வேண்டியிருந்தது. பாப்ஸின் கிடாருக்குப் பின்னால் அடங்கி ஒடுங்கி நிற்கிறான். 'டயமண்ட் லைட்' வாசித்த அதே கையா என்று ஐயம் வந்தது. இறந்தவரின் தாளத்துக்கு இடம் விட்டு வாசித்திருக்கிறான். ஸ்டூடியோக் கதவு பற்றிய என் கேள்வி அப்படியே இருக்கிறது, திரும்பப் பெறவில்லை. வாசிப்பைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

தோல்கருவி

நன்றி கரிசல். அப்படியே 'ஹை ஆஸ் ஹலோ'வையும் கேளுங்கள், ஹெட்ஃபோன் போட்டு. ஸ்னேர் எப்போது விழும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே வாருங்கள்.

கரிசல்

எண்ணினேன். ஒவ்வொரு முறையும் நான் முந்திக்கொண்டேன்.